சீலிங்குக்கு மேலே

வீட்டிலே நாம் நாள்தோறும் புழங்கும் இடங்கள் பல. முற்றம், விறாந்தை, கூடம், அறை, குசினி என்று அவற்றுக்கெல்லாம் பெயருண்டு. தூசு தட்டும் முறையும் உண்டு. ஆனால் எம் தலைக்கு மேலே, சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே, ஏறக்குறைய வீட்டின் பரப்பளவே கொண்ட இன்னோர் இடமும் இருக்கின்றது. அதனை எவரும் வீட்டின் ஒரு பகுதியாக எண்ணுவதில்லை. எலி ஓடும் இரவிலும், ஓடு விலகி மழை ஒழுகும் ஐப்பசியிலும் மாத்திரமே அதன் நினைவு எமக்கு வருகின்றது. அந்த இடத்துக்குள்ளே ஒரு மனிதனை நண்பகலில் அனுப்பி நாம் கற்றுக்கொண்ட பாடத்தையே இவ்வாரம் வாசகர்களுக்குக் கூற விரும்புகின்றோம்.

எமது வீடு யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றைப் போன்றது. முற்பகுதி பழைய ஓட்டு வீடு, சுவர்கள் தடித்தவை. பிற்பகுதி பின்னாளிற் கூட்டிக் கட்டப்பட்டது. அதன் கூரை அஸ்பெஸ்ரஸ் சீற். இணையத்தைக் கொண்டுவரும் றவுட்டர் முன்கூடத்தில் இருக்கின்றது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளின் அறையோ பிற்பகுதியில் இருக்கின்றது. வைஃபை அலை இரண்டு தடித்த சுவர்களைக் கடந்து அவ்வறையை அடைகையில் உயிர் ஓய்ந்துவிடுகின்றது. இணையவழி வகுப்பிலே ஆசிரியர் ஒரு சமன்பாட்டைத் தொடங்குவார். அது முடியுமுன் படம் உறைந்துவிடும். "அப்பா, சேர் கேட்ட கேள்விக்கு நான் மறுமொழி சொல்லுறன், அவருக்குக் கேக்கேல்லை" என்று மகள் பலமுறை முறையிட்ட பின்னர், கம்பியொன்றை இழுத்துவிடுவதென்று தீர்மானித்தோம்.

கம்பி என்றதும் பழைய காலத்துச் சங்கதி என்று சிலர் எண்ணக்கூடும். அஃது அவ்வாறன்று. 1973ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஸெறொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ற்றோ ஆராய்ச்சி நிலையத்தில், றொபேட் மெற்காஃப் என்பவரும் டேவிட் பொக்ஸ் என்பவரும் கணினிகளை ஒரே கம்பியில் இணைக்கும் முறையொன்றை வகுத்தனர். ஒளியைச் சுமந்து செல்வதாக முன்னைய விஞ்ஞானிகள் கற்பனை செய்த ‘ஈதர்’ என்னும் பொருளின் பெயரைத் தழுவி அதற்கு ஈதர்நெற் என்று பெயரிட்டனர். இன்று அதற்கு நாம் வழங்கும் கம்பியிலே எட்டு மெல்லிய செப்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு, நான்கு சோடிகளாக இருக்கின்றன. அயலிலுள்ள மின்கம்பிகளால் எழும் குழப்பம் சோடியின் இரு கம்பிகளையும் ஏறக்குறையச் சமமாகத் தாக்கும். மறுமுனையிலே இரண்டுக்குமுள்ள வேறுபாடு மாத்திரம் வாசிக்கப்படுவதால் அக்குழப்பம் கழிந்துபோகும். இம்முறுக்கல் உத்திக்குத் தொலைபேசியின் பொருட்டு 1881ஆம் ஆண்டிலேயே உரிமம் பெற்றவர் அலெக்சாண்டர் கிரகம் பெல். ஆகவே கையிலே பிடிக்கும் அந்த நீலக் கம்பியிலே நூறாண்டுக்கு மேற்பட்ட கவனம் அடங்கியிருக்கின்றது. இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் இதற்கு மீளுவோம்.

கம்பியை எவ்வழியாகக் கொண்டு செல்வது என்ற கேள்வி எழுந்தது. சுவரின் மேல் விளிம்போரமாக வெள்ளைக் கேசிங் அடித்து அதற்குள்ளே செலுத்தலாம் என்பது ஒரு வழி. அது சுவரின் அழகைக் கெடுக்கும் என்று வீட்டார் கூறினர், நாமும் ஆமென்றோம். ஆதலின், சீலிங்குக்கு மேலாகவே முழுத் தூரமும் இழுப்பதென்று முடிவாயிற்று. வயரிங் வேலை தெரிந்த இளைஞர் ஒருவரைக் கொந்தராத்தாகப் பேசி அழைத்தோம். சித்திரை வருடப்பிறப்புக் கழிந்த ஒரு சனிக்கிழமை. காலையிலே சந்தை, பின்னர் கோயில், அதன்பின் விருந்தினர். ஆகவே, "தம்பி, பன்னிரண்டு மணிக்கு வாரும்" என்றோம். அவரும், "சரி ஐயா" என்றார்.

அவர் மேலே ஏறினார். நாம் கூடத்திலே, மின்விசிறியின் கீழே அமர்ந்து, அவருக்கு வழி கூறிக்கொண்டிருந்தோம். முதலில் அலுமாரிக்குப் பின்னே கம்பியை இறக்கச் சொன்னோம். பின்னர் யன்னல் ஓரம் நன்றென்று தோன்றிற்று. மேசையின் இடத்தை மாற்றலாமா என்று மகளோடு ஆலோசித்தோம். அவ்வளவு நேரமும் அவர் மேலே, அஸ்பெஸ்ரஸ் சீற்றுக்கு ஒரு முழம் கீழே, விட்டத்தின்மீது குந்தியிருந்தார். தொடக்கத்தில் உடனுக்குடன் மறுமொழி வந்தது. பின்னர் மறுமொழி தாமதித்தது. "வயர் எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டபோது, "ஓம் ஐயா, பூட்டியாச்சு" என்று தொடர்பில்லாத விடை வந்தது. நாம் அதனைப் பொருட்படுத்தவில்லை. சாய்மனைக் கதிரையிலே கண்மூடிப் படுத்திருந்த ஆச்சிதான் எழுந்திருந்தார்.

"பொடியன்ரை குரல் சரியில்லை. முதல்லை ஆளைக் கீழை இறக்குங்கோ."

அவர் இறங்கினார். ஏணியின் கடைசிப் படிக்கு முந்திய படியிலே கால் தவறிற்று. இருவராகப் பிடித்துக்கொண்டோம். முகம் வெளுத்து, சட்டை முழுவதும் நனைந்து, கை நடுங்கியது. விறாந்தையிலே கிடத்திக் காலைச் சற்று உயர்த்தி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிறினோம். தெளிவு வந்தபின் ஆச்சி உப்பும் சீனியும் கரைத்த நீரைச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுத்தார். அரைமணித்தியாலத்தின் பின் அவர் எழுந்திருந்து முதலிற் கூறிய சொல் இது:

"ஐயா, இன்னும் கொஞ்சந்தான் கிடக்கு. முடிச்சுப்போட்டுப் போறன்."

அச்சொல்லைக் கேட்டபோதுதான் எமக்கு வெட்கம் உண்டாயிற்று. அன்று அவரை மேலே ஏற விடவில்லை. ஆனால் ஏன் இவ்வாறு நேர்ந்தது என்று ஆராயாமலிருக்க முடியவில்லை. அவ்வாறு ஆராய்ந்து அறிந்தவற்றையே கீழே தருகின்றோம்.

ஏப்பிரல் மாதம் 5ஆந் திகதி தொடக்கம் 15ஆந் திகதி வரையில், தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை, சூரியன் எம் நாட்டின் உச்சியைக் கடந்து செல்கின்றது. நண்பகலில் எமது நிழல் எம் காலடியிலேயே ஒடுங்கும் காலம் அது. அக்காலத்து வெய்யில் கூரைமீது செங்குத்தாக விழுகின்றது. ஓட்டுக் கூரையின் இடுக்குகள் வழியே சூடான காற்று ஓரளவு வெளியேறும். சீற்றின் கீழே அவ்வழி குறைவு. காய்ந்த சீற் அடுப்பின் மேற்றட்டைப் போலக் கீழ்நோக்கி வெப்பத்தை வீசும். அத்தகைய அடைத்த இடத்தில் வெப்பம் 50 பாகை செல்சியஸை எட்டுவது அரிதன்று.

மனித உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 பாகை. சுற்றியுள்ள காற்று அதனினும் சூடானால், உடல் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்க இயலாது. மாறாக, காற்றின் வெப்பமே உடலுள் ஏறும். அப்போது உடலுக்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை. வியர்வை வழிந்தோடுவதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாக மாறினால் மாத்திரமே குளிரும். காற்றோட்டமற்ற சீலிங்கினுள்ளே அது நன்றாக ஆவியாவதில்லை. உடலிலிருந்து நீரும் உப்பும் இழக்கப்படுகின்றன, குளிர்ச்சியோ கிடைப்பதில்லை. முதலிற் களைப்பும் தலைச்சுற்றும் குமட்டலும் தோன்றும். அந்நிலையில் நிறுத்தாவிடின் உள்வெப்பம் 40 பாகையைக் கடந்து, அறிவு தடுமாறி, உயிருக்கே ஆபத்தாகிவிடும். தொடர்பில்லாத விடையே அத்தடுமாற்றத்தின் முதல் அடையாளமாக இருக்கக்கூடும். எமது ஆச்சி வைத்திய நூல் படித்தவரல்லர். குரலைக் கவனிக்கும் பழக்கமே அவருக்கு வழிகாட்டியது.

"அவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்" என்று கூறுவாருண்டு. இதில் ஒரு பங்கு உண்மையும் இருக்கின்றது. வெப்பத்தில் நாள்தோறும் வேலை செய்யும் உடல், ஏறத்தாழ ஒரு கிழமையிலிருந்து இரண்டு கிழமைக்குள், விரைவாகவும் மிகுதியாகவும் வியர்க்கப் பழகிக்கொள்ளும். ஆனால் அப்பழக்கம் சில கிழமை இடைவெளியிலே தேய்ந்துவிடும். அன்றியும், வியர்வை ஆவியாகாத இடத்திலே மிகுதியாக வியர்த்துப் பயனென்ன? பழக்கம் எல்லையைச் சற்றுத் தள்ளிவைக்குமேயன்றி, எல்லையை நீக்கிவிடாது.

இனி, முன்னர் நினைவில் வைக்கும்படி கூறியதற்கு மீளுவோம். கம்பிக்கும் வெப்பம் ஆகாது. செம்பு சூடாகச் சூடாக அதன் மின்தடை கூடும், செய்தி நலிவடையும். இதனை அறிந்தோர் அதற்கென்று ஓர் அட்டவணையே வகுத்திருக்கின்றனர். 20 பாகை வெப்பத்தில் ஓரிடத்தில் நிலையாகப் பதிக்கும் கம்பி 90 மீற்றர் வரை செல்லலாம். 40 பாகையாயின் 84 மீற்றர். 60 பாகையாயின் 75 மீற்றர். அதற்கு மேற்பட்ட வெப்பத்துக்குச் சாதாரணக் கம்பி உரியதன்று. எமது வீட்டின் முழுத் தூரமும் 25 மீற்றரே. ஆகவே எத்துணை வெய்யில் எறித்தாலும் எமது கம்பிக்கு ஒரு குறையுமில்லை. கம்பிக்கு இவ்வளவு கணக்கிருக்கின்றது. அதைத் தோளிலே சுமந்து மேலே ஏறுபவருக்கு எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்ற கணக்கை எம்மில் எவர் வைத்திருந்தோம்? கடையிலே கம்பியின் தரத்தைப் பற்றி அரைமணித்தியாலம் வினவிய நாம், அவருடைய வேளையைப் பற்றி அரைநிமிடமும் எண்ணவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவரை மீண்டும் அழைத்தோம். இம்முறை காலை 5:30 மணிக்கு. முதல்நாள் மாலையிலேயே செய்யவேண்டிய யாவற்றையும் கீழேயே செய்து முடித்திருந்தோம். கம்பி புறப்படும் இடம், இறங்கும் இடம் இரண்டையும் முடிவுசெய்து சுவரிலே பென்சிலால் குறியிட்டோம். மேசை எங்கே இருக்கவேண்டுமென்பதை மகள் ஒரே முறையில் தீர்மானித்தாள். கம்பியைத் தரையிலே விரித்து அளந்து, இரு முனைக்கும் இரண்டிரண்டு மீற்றர் கூடுதலாக விட்டு வெட்டினோம். எல்லாவற்றுக்கும் மேலாக, சீற்றின் கீழுள்ள பிற்பகுதியிலே மேலே ஏறும் எண்ணத்தைக் கைவிட்டு, அங்கே கேசிங் அடிப்பதென்று உடன்பட்டோம்.

இதற்கு வெப்பம் மாத்திரம் காரணமன்று. அஸ்பெஸ்ரஸ் நார்கள் மூச்சோடு உட்சென்றால், பல ஆண்டுகள் கழித்தும் நுரையீரலிலே புற்றுநோயை உண்டாக்கவல்லவை. பழைய சீற்றைத் துளைப்பதும், அறுப்பதும், அதன் கீழே படிந்த தூசைக் கிளறுவதும் தீது. முகத்திலே கட்டும் சாதாரணத் துணி அந்நார்களைத் தடுக்காது. தட்டையான அஸ்பெஸ்ரஸ் தகடு சீலிங்காகவும் பல வீடுகளில் உண்டு. அதன்மேல் காலை வைத்தால் தகடு உடைந்து ஆள் கீழே விழ நேரும்.

ஓட்டின் கீழுள்ள முற்பகுதியிலே மாத்திரம் அத்தம்பி ஏறினார். மெயின் சுவிச்சை முதலிலேயே நிறுத்திவிட்டோம். வியர்த்து நனைந்த தோலிலே மின்சாரம் எளிதிற் பாயும். 230 வோல்ற்றுக்கு முன்னே கவனக்குறைவு கூடாது. மெயினை நிறுத்தினால் கீழே இருப்பவர்களுக்கும் மின்விசிறி இல்லாது போகும். அதுவும் நன்றே; மேலே இருப்பவரின் நிலை சற்றேனும் விளங்கும். அவர் கம்பியை மின்கம்பிகளிலிருந்து ஓரடி தள்ளி இழுத்தார். குறுக்கிடவேண்டிய ஒரேயோர் இடத்திலே நேர்செங்கோணமாகக் கடந்தார். எலி கடியாதிருக்கக் கம்பியைப் பீ.வீ.சீ. குழாயினுள்ளே செலுத்தி, மற்றொரு நாள் இன்னொரு கம்பி இழுக்க நேர்ந்தால் எவரும் மீண்டும் உள்ளே தவழவேண்டாதபடி, நைலோன் கயிறொன்றையும் அதற்குள்ளே விட்டுவைத்தார். அக்கயிறு அவருடைய யோசனை. எமக்கு அது தோன்றவில்லை.

அவர் மேலே இருந்த நேரத்தை இம்முறை மணிக்கூட்டிலே பார்த்தோம். 25 நிமிடம். முன்னைய சனிக்கிழமை 40 நிமிடம் இருந்தும் வேலை முடியவில்லை. அந்த 40 நிமிடத்திற் பெரும்பகுதி வேலையால் கழிந்ததன்று. எமது தடுமாற்றத்தால் கழிந்தது. அலுமாரியா யன்னலா என்று நாம் விசிறியின் கீழே ஆலோசித்த ஒவ்வொரு நிமிடத்தையும் அவர் சீற்றின் கீழே இருந்து செலுத்தியிருக்கின்றார். எமக்கு மிகவும் உறைத்தது இதுவே.

இத்தகைய வேலையைச் செய்விக்க எண்ணும் குடும்பத்தினருக்குச் சில குறிப்புகள் கூறலாம். கம்பி வாங்கும்போது முழுச் செம்பாக இருக்கின்றதா என்று பார்க்க. அலுமினியத்தின்மேற் செம்பு பூசிய மலிவான கம்பியும் சந்தையில் உண்டு. அது மின்தடை கூடியது. வளைத்தால் எளிதில் முறியும். கத்தியால் மெல்லச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளியைப் போன்ற நிறம் தெரியும். முறிந்த கம்பியை மாற்றுவதற்கு மீண்டும் ஒருவர் மேலே ஏறவேண்டும் என்பதனாலேயே இதனை வற்புறுத்துகின்றோம். கம்பியைக் கூரிய மூலையிலே மடித்து இழுத்தலாகாது. அதன் தடிப்பின் நான்கு மடங்குக்குக் குறையாத ஆரையில் வளைந்து செல்லட்டும். முனையிலே செருகி பூட்டும்போது முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் அவிழ்க்கவேண்டாம். இடிமுழக்கமுள்ள மாலையிலே எவரையும் ஏற்றவேண்டாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் இதனைச் சிறப்பாகக் கவனிக்க.

வேலையைக் காலை 9 மணிக்கு முன் முடிக்க. மேலே இருப்பவரை ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் கீழே வரச்செய்து நீர் கொடுக்க. கீழே ஒருவர் வேறு வேலையின்றி அவர் குரலையே கேட்டுக்கொண்டிருக்க. பேச்சுத் தடுமாறினால், வேலை எந்நிலையில் நின்றாலும், உடனே இறக்குக. உடல் கொதித்து, அறிவு மயங்கி, அல்லது வலிப்புத் தோன்றினால், 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் காவு வண்டி வரும். அது வரும்வரை நிழலிலே கிடத்தி, உடல் முழுவதும் நீரூற்றி விசிறுக. நினைவு தெளியாதவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கவேண்டாம்.

மாணவர்கள் செய்து பார்க்கக்கூடிய சிறு பரிசோதனையொன்றும் உண்டு. பெரியவர் ஒருவரின் துணையோடு, சீலிங்கின் திறப்பருகே நூலிலே ஒரு வெப்பமானியைத் தொங்கவிடுக. உள்ளே ஏறவேண்டியதில்லை. காலை 6 மணிக்கும், நண்பகலிலும், மாலை 4 மணிக்கும், இரவு 9 மணிக்கும் அதன் அளவைக் குறித்து, அறையின் வெப்பத்தோடு ஒப்பிடுக. ஒரு கிழமைக்குள் உங்கள் வீட்டுக்கென ஓர் அட்டவணை கிடைக்கும். கம்பிக்கு உள்ளதைப் போல, மேலே ஏறும் மனிதருக்கும் அது ஒரு கணக்காக அமையும்.

வேலை முடிந்ததும் இரு நாளுக்குமுரிய கூலியைச் சேர்த்துக் கொடுத்தோம். "அண்டைக்கு வேலை முடியேல்லைத்தானே ஐயா" என்று முதல் நாளுக்குரியதை அவர் மறுத்தார். கொந்தராத்து வேலையின் வழக்கம் அத்தகையது. முடியாத வேலைக்குக் கூலியில்லை, முடியாமற்போனது எவருடைய குற்றமாயினும். ஆச்சி அப்பணத்தை எம் கையிலிருந்து வாங்கி, "பிடி தம்பி, இது உன்ரை காசு" என்று அவர் சட்டைப் பையிலே வைத்துவிட்டார். அவரும் மறுக்கவில்லை.

இப்போது மகளின் வகுப்பிலே படம் உறைவதில்லை. அவள் சொல்லும் விடை ஆசிரியருக்குக் கேட்கின்றது. பின்னறைச் சுவரின் மேல் விளிம்பிலே இரண்டு விரலகலத்தில் வெள்ளைக் கேசிங் ஒன்று ஓடுகின்றது. சுவரின் அழகு கெடும் என்று நாம் அஞ்சியது அதற்காகத்தான். வீட்டுக்கு வந்தவர்களுள் ஒருவரேனும் இதுவரை அதனைக் கவனிக்கவில்லை.